காலைக் கழட்டி வச்சிட்டு வாங்க

மேசை மேல தூக்கி வச்சிட்டாங்க. நாற்காலி வேண்டாமாம். நாற்காலியில உக்காந்தா பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரியாதாம். என்ன தெரியாது? ரெண்டு காலும் முட்டிக்கு மேலயே இல்லைங்கிறது தெரியாது. அதைக் காட்டத்தானே கார் வச்சு அள்ளிட்டு வந்திருக்காங்க. பி.டி. வாத்தியார் ஒரு கக்கத்துல, கார் டிரைவர் ஒரு கக்கத்துல கை குடுத்து, ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஒரே தூக்கு. பீரோ ஏத்துறப்பகூட பாத்துப்பா, மூலை இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. எனக்கு அதுவும் கிடையாது. மேசையில பூப்போட்ட பெட்ஷீட், அது மேல நான், எனக்குப் பின்னால 'நன்றி கூறும் நாள்'னு பேனர். டவுசர் போட்டிருக்கேன், நாப்பத்திரண்டு வயசுல காக்கி டவுசர். பேண்ட் போட்டா என்னை மேடை ஏத்துற அருணகிரி சாருக்கு ஆகாது. "காலைக் கழட்டி வச்சிட்டு வாங்க சீனி, அதை மாட்டிட்டு வந்தா பிள்ளைக மனசுல நிக்காது"ம்பாரு. ஜெய்ப்பூர் கால் ரெண்டும் வீட்டுல கதவுக்குப் பின்னாடி சாத்தியிருக்கு, ஷூ மாட்டுனபடி. அதைப் போட்டா நான் நடப்பேன்யா. சாஞ்சு சாஞ்சு நடப்பேன், ஆனா நடப்பேன். டீக்கடைக்கு நடப்பேன், தெருக்குழாய் வரைக்கும் நடப்பேன், ஒரு தடவை கோபத்துல பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருக்கேன். நடக்குறவனை எவன் மேடை ஏத்துவான். சரி, எட்டு வருசமாப் பழகுன வேலை, உக்காந்து சிரிச்சிட்டுப் போயிடலாம். இன்னிக்கு முடியல. இன்னிக்கு மூணாவது வரிசையில என் மக உக்காந்திருக்கா. சுபிக்ஷா. ஆறாம் வகுப்பு. இந்த ஜூன்லதான் இங்க சேத்தோம். எந்தப் பள்ளிக்கூடம்னு நான் கேக்கல. நான் கேக்குறதே இல்ல, எல்லாம் ஒரே தகரக் கொட்டகை, ஒரே மைக்கு, ஒரே கைதட்டல், கேட்டு என்னத்தக் கிழிக்கப்போறோம்னு கார்ல ஏறி உக்காந்துக்குவேன். கார் கேட்டுக்குள்ள திரும்புறப்பதான் போர்டைப் பாத்தேன். அப்ப "சார், வண்டியைத் திருப்புங்க"ன்னு சொல்லியிருக்கணும். வாயில மண்ணு அடச்ச மாதிரி உக்காந்திருந்தேன். இறக்கித் தூக்கிட்டு வந்தாங்க, பிள்ளைக வரிசைக்கு நடுவுல கூடித்தான் தூக்கிட்டு வந்தாங்க. அவ பாத்துட்டா. பாத்துட்டுக் குனிஞ்சவ இன்னும் நிமிரல. பாக்காத, சீனி. அந்தப் பக்கம் பாக்காத.

அருணகிரி சார் மைக்கைத் தட்டுறாரு. டொக் டொக். "கண்ணுகளா!" கெட்ட மனுசன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். அவரு இருக்குற சேவைச் சங்கத்துலதான் மூணு சக்கர ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தாங்க. தாலுகா ஆபீஸ் வாசல்ல எனக்குப் பெட்டிக்கடை போட்டுக் குடுத்ததும் அவருதான், கடை நெத்தியில சங்கத்துப் பேரு பெருசா, என் பேரு மூலையில பொடிசா. கலெக்டர் ஆபீஸுக்கு என் மனுவைத் தூக்கிட்டு வேகாத வெயில்ல அலைஞ்ச மனுசன். எதிரியா இருந்தா மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுடலாம். நல்லது செஞ்சவனை என்ன செய்ய? அவரு கூப்பிட்டா ஏறணும், வச்ச இடத்துல உக்காரணும், எழுதிக் குடுத்ததைப் பேசணும். நாய் வேசம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும். பேச்சு முழுக்க அவரு எழுதுனதுதான். லாரிக்கு டயர் மாத்துறப்ப ஜாக்கி நழுவுனது, பத்தொம்பது வயசு, ஆஸ்பத்திரி, தற்கொலைக்குப் போனது. போகல, எழுதியிருக்காரு. கடைசியில ஒரு வரி. "எனக்குன்னு இந்த உலகத்துல யாருமில்ல, ஆனாலும் நான் சிரிக்கிறேன்." அந்த இடத்துல நிறுத்தணும். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மனசுக்குள்ள எண்ணணும். மூணு எண்ணுறதுக்குள்ள முன்வரிசையில ஒரு பிள்ளை தேம்பும், அதப் பாத்து இன்னொண்ணு, அப்புறம் டீச்சருக முந்தானையை எடுப்பாங்க. முதல் தடவை சொல்லச் சொன்னப்ப, "சார், பொண்டாட்டி பூங்கொடி இருக்கா, பிள்ளை இருக்கு, எப்படி சார்"னு கேட்டேன். "பொய் இல்ல சீனி, ஒரு அழுத்தம் குடுக்குறோம், அவ்வளவுதான்" அப்படின்னாரு. அப்ப சுபிக்கு மூணு வயசு. மடியில கெடந்த பிள்ளையை இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன், வர்ற வழியில அதுக்கே முறுக்கும் வாங்கிட்டு வந்தேன். போன வருசம் யாரோ நான் பேசுனதை வீடியோ எடுத்துப் போட்டு, அது பக்கத்து வீட்டுப் பிள்ளை போனுக்கு வந்து, இவ பாத்துட்டா. ராத்திரிச் சோத்துல ரசத்தை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டா, "அப்ப நான் யாருப்பா?" "அது சும்மா சுபி, மேடைக்கு." "மேடையில சும்மா சொல்லலாமா?" "சொல்லலாம், தப்பில்ல." தலையாட்டிட்டுச் சாப்பிட்டா. ரெண்டாந்தரம் சோறு வாங்கிக்கூடச் சாப்பிட்டா. அதைப் பாத்துட்டு நான் பாட்டுக்கு, பிள்ளைக்குப் புரிஞ்சிருச்சுன்னு நிம்மதியாத் தூங்குனேன். மடையன்.

இன்னிக்கு அந்த வரியை அவ முன்னாடி சொல்லணும். சொல்ல மாட்டேன். சொன்னா நான் மனுசனே இல்ல. சொல்லலைன்னா அருணகிரி சார் மூஞ்சி எப்படிப் போகும்? போகட்டும். கடையை எடுத்துட்டுப் போயிடுவாரா? எடுக்க மாட்டாரு, அவரு அப்படியாளு இல்ல. ஆனா கடைப்பக்கம் வர்றதைக் குறைச்சுக்குவாரு, பாத்தா "ம்"ம்பாரு, வேற எவனையாவது பிடிச்சுக்குவாரு, கண்ணில்லாதவனை. எனக்கென்ன, பிடிச்சுக்கட்டும். "கண்ணுகளா, இவரைப் பாருங்க"ங்கிறாரு. பாக்குதுக. அம்புட்டும் பாக்குது. நானூறு பிள்ளைக கண்ணும் முதல்ல என் மூஞ்சிக்கு வரும், ஒரு நொடிதான், அப்புறம் வழுக்கிட்டு டவுசர் முடியுற இடத்துக்குப் போயி நின்னுக்கும். அங்க தையல் போட்ட தழும்பு சுருக்குப்பை வாய் மாதிரி இருக்கும். பாத்துட்டு அதது தன் காலைத் தொட்டுப் பாத்துக்கும். நான் பொய் சொல்லல, எட்டு வருசமாப் பாக்குறேன், தொடாத பிள்ளையே கிடையாது. கொஞ்சம் பெரிய பிள்ளைக தொடாது, ஆனா பாதத்தை ஆட்டிப் பாக்கும். டீச்சருக நாசூக்கு, சேலைக்குள்ள ஆட்டிக்குவாங்க. "இவரைவிட நம்மளை ஆண்டவன் எவ்வளவு நல்லா வச்சிருக்கான்! மார்க்கு குறைஞ்சா அழறோம், புது டிரெஸ் இல்லைன்னா அழறோம். இவரு அழறாரா?" அழலைய்யா, ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். காலையிலேருந்து தண்ணி குடிக்கல, இருந்தும் முட்டுது. இந்த மேசையை விட்டு இறக்கி, கொட்டகைக்குப் பின்னாடி கொண்டுபோயி, திரும்பத் தூக்கி வைக்கச் சொல்லி எவன்கிட்டக் கேக்குறது? நன்றி சொல்லுங்கடா, சொல்லுங்க, நெனச்ச நேரத்துக்கு நடந்துபோயி ஒண்ணுக்கு இருக்கீங்கள்ல, அதுக்குச் சொல்லுங்க. அதை எவனும் பேனர்ல எழுத மாட்டான்.

நானும் யோக்கியன் கிடையாது. கால் அளவெடுக்குற கேம்புக்குப் போனேன்ல, மதுரையில, பெரிய கல்யாண மண்டபம், தரை முழுக்க எங்காளுகதான். பக்கத்துல ஒருத்தன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், கரண்டு கம்பியில கை ரெண்டும் போனவன். அவங்க அம்மா இட்லியைப் பிச்சு ஊட்டிவிட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஈ அவன் மூக்கு மேல உக்காந்துச்சு. அவன் மூஞ்சியைச் சுளிக்கிறான், தலையை ஆட்டுறான், போவேனாங்குது. அந்தம்மா தண்ணி எடுக்கப் போயிருச்சு. நான் ஓட்டிவிட்டிருக்கலாம், கை நீட்டுனா எட்டும். ஓட்டல. பாத்துக்கிட்டே இருந்தேன். என் ரெண்டு கையையும் மடியில எடுத்து வச்சு, விரலை ஒவ்வொண்ணா நீட்டி மடக்கிக்கிட்டே, அப்பாடா முருகா, எனக்குக் கையை விட்டு வச்சியேன்னு நெனச்சேன். எவ்வளவு சொகமா இருந்துச்சு தெரியுமா அது! அன்னிக்குச் சோறு நல்லா எறங்குச்சு, ராத்திரி நல்லாத் தூக்கம். அப்ப இந்தப் பிள்ளைகளை மட்டும் ஏன் திட்டுறேன்? எனக்கு அந்த ருசி தெரியும், அதனாலதான் திட்டுறேன். அடுத்தவன் எலையைப் பாத்து நம்ம எலையில கூட ஒரு அப்பளம் இருக்குன்னு சந்தோசப்படுற ருசி. அது நன்றியா? அதுக்குப் பேரு நன்றியா? கடவுள் ஒருத்தன் இருந்தா அதைக் காதுல வாங்கிக் காறித் துப்ப மாட்டான்? ஈயை ஓட்டியிருக்கலாம். பதினோரு வருசம் ஆச்சு, இன்னமும் அந்த ஈ ஞாபகத்துக்கு வருது. பாதம் அரிக்குது. வலது பாதம், சுண்டுவிரல் சந்துல. இல்லாத விரல்ல அரிக்குது, எதைச் சொரிய? மேசையைத்தான் சொரியணும்.

பாத்துட்டேன். பாக்கக்கூடாதுன்னு இருந்தேன், பாத்துட்டேன். குனிஞ்சுதான் இருக்கா. ரெட்டைச் சடை, நீல ரிப்பன், காலையில பூங்கொடி பின்னிவிடுறப்ப, "இறுக்காதம்மா, தலை வலிக்குது"ன்னு கத்துனா. அவ ஷூ பளபளன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை அவ ஷூவுக்குப் பாலிஷ் போடுறப்ப என் கால்ல மாட்டியிருக்குறதுக்கும் சேத்துப் போடுவா. நாலு ஷூவையும் வரிசையா வச்சுப் போடுவா. என்னிக்கும் மூஞ்சி சுளிச்சதில்ல. அப்ப ஏன் குனிஞ்சிருக்கா? தினமும் ஸ்கூட்டர்ல நான்தான் கொண்டாந்து விடுறேன், பால் பூத் முக்கு வரைக்கும். "இங்கயே நிறுத்துப்பா, கேட்டுகிட்ட ஒரே கூட்டம், உனக்குத் திருப்பக் கஷ்டம்"னு முதல் நாளே சொல்லிட்டா. எம்புட்டு விவரமான பிள்ளைன்னு பூங்கொடிகிட்டப் பெருமையாச் சொன்னேன். பெற்றோர் கூட்டத்துக்கும் அவ அம்மாதான் வரணும்னுட்டா. அதுக்கும் நான் ஒண்ணும் நெனைக்கல, கடையை யாரு பாப்பான்னு விட்டுட்டேன். இப்ப நெனைக்கிறேன். வேண்டாம், அப்படி நெனைக்கக் கூடாது, பிள்ளை கூச்ச சுபாவம், அவ்வளவுதான். அதெல்லாம் இல்ல. நான் பேசுறப்ப அந்த வரிக்கு வந்ததும் நிறுத்துவேன், அஞ்சு எண்ண மாட்டேன், நேரா அவளைக் கையைக் காட்டி, "எனக்கு யாருமில்லைன்னு எட்டு வருசமா ஊரு ஊராப் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்தா மூணாவது வரிசையில இருக்கா பாருங்க என் மக, எந்திரி சுபி"ன்னு சொல்லிடுவேன். சொன்னதும் அவ நிமிருவா. அழுவா, ஓடி வருவா. வருவாளா? வரணும். நானூறு பேரு முன்னாடி மறுத்ததை நானூறு பேரு முன்னாடிதான் திருப்பி வாங்கணும். சொல்லிடுவேன், சத்தியமாச் சொல்லிடுவேன்.

அருணகிரி சார் குனிஞ்சு காதுல சொல்றாரு, "சீனி, முறையை மாத்திட்டோம். தலைவருக்கு இன்னொரு விழா இருக்காம். முதல்ல பிள்ளைக நன்றி சொல்லட்டும், நீங்க கடைசியில பேசுங்க." தலைவருன்னா எண்ணெய் மில்லுக்காரரு, நான் வந்ததுலேருந்து போனையே பாத்துக்கிட்டு இருக்காரு. சரிங்க சார்னேன். சரிங்க சார்னுதான் எல்லாத்துக்கும் வரும் என் வாயில. தமிழ் டீச்சர் மைக்குக்கு வந்தாங்க, கையில பேப்பரு. வகுப்புக்கு ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு வரி, மைக்குல சொல்லிட்டு ஒரு ரோசாப்பூவை எனக்கு முன்னாடி வைக்கணும். போன வாரமே எழுதிக் குடுத்து, மனப்பாடம் பண்ண வச்சு, ஒரே மாதிரி வரக்கூடாதுன்னு பிரிச்சும் குடுத்திருக்காங்க. பத்தாம் வகுப்புக்குக் கால், ஒம்பதுக்குக் கை, எட்டுக்குக் கண்ணு, ஏழுக்குக் காது, ஆறுக்குக் குடும்பம். டீச்சரே பெருமையாச் சொல்றாங்க இதை. கறிக்கடையில தொடை உனக்கு, ஈரல் எனக்குன்னு பங்கு வைக்கிற மாதிரி. என் மூஞ்சியைப் பாக்குறதுக்கு முந்தியே நன்றி எழுதி டீச்சரு கையெழுத்தும் வாங்கியாச்சு, அப்புறம் என்ன எழவுக்கு நான்? ஒரு பையன் வர்றான், மீசை அரும்புற வயசு. "ஓடவும் ஆடவும் எனக்கு இரண்டு கால்களைத் தந்த இறைவனுக்கு நன்றி." பூவை வைக்கிறான். என்னைப் பாக்கல. சாமி படத்துக்கு முன்னாடி வைக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் வச்சிட்டுப் பின்னாடியே நகந்து போறான். கைதட்டல். அடுத்து ஒரு பிள்ளை, "உழைப்பதற்கு இரண்டு கைகளை." எனக்குந்தாண்டி கை இருக்கு. "உலக அழகைக் காண." எனக்கும் இருக்கு, நல்லாத் தெரியுது, நீ மூக்கை நோண்டுனதுகூடத் தெரியுது. ஒண்ணாவது, ஒரே ஒண்ணாவது என்கிட்ட ஐயா வணக்கம், சாப்பிட்டீங்களான்னு கேக்குதா? நன்றி பூராவும் மேல போகுது, என் தலைக்கு மேலாப்ல. நான் ஏணி. ஆறாம் வகுப்புன்னு கூப்பிடுறாங்க. ஒரு பையன் வந்தான், அன்பான தாய்க்கு நன்றின்னான், போயிட்டான். "அடுத்து, எஸ். சுபிக்ஷா."

வர்றா. படி ஏறி வர்றா. என் பிள்ளையை இவங்க எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்க? நல்லாப் படிப்பா, தமிழ் நல்லா வரும், அதுக்குத்தான் எடுத்திருப்பாங்க, அதுல எனக்குப் பெருமை வேற வருது, இந்தக் கேவலத்துலயும் வருது. மைக்கு உயரமா இருக்கு, எக்கி நிக்கிறா. எனக்கும் அவளுக்கும் நடுவுல ரெண்டு அடி இருக்கும். சொல்லு சுபி, இதுதான் எங்க அப்பான்னு நீயே சொல்லிடு, எனக்கு வேலை மிச்சம். அவ வாயைத் தொறக்குறா, மூடுறா. தமிழ் டீச்சர் கீழேருந்து கிசுகிசுன்னு எடுத்துக் குடுக்குறாங்க, அந்தக் கிசுகிசுப்பு பின்வரிசை வரைக்கும் கேக்கும், "எங்கள் அப்பா துபாயில்… சொல்லு, துபாயில்…" எனக்கு ஒரு நிமிசம் புரியல. யாரோட அப்பா? வேற பிள்ளையோட வரியைச் சொல்லிக் குடுக்குறாங்கன்னு நெனச்சேன். டீச்சர் திரும்பவும், "என்னம்மா, நல்லாச் சொன்னியே நேத்து! எங்கள் அப்பா துபாயில் உழைக்கிறார்…" அவ என்னைப் பாத்தா. குனிஞ்சதுக்கு அப்புறம் இப்பதான் பாக்குறா. அந்த மூஞ்சியில அழுகை இல்ல. கூச்சமும் இல்ல. பயம். திருடி மாட்டுனவ மூஞ்சியில இருக்குமே, அந்தப் பயம். ஜூன் மாசத்துலேருந்து, பால் பூத் முக்குலேருந்து, இந்தப் பிள்ளைக அத்தனை பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கா, பெஞ்சுல கூட உக்காருற பிள்ளைக்கு துபாய் சாக்லேட்டு வரும்னு சொல்லியிருப்பா, லீவுக்கு வருவாருன்னு சொல்லியிருப்பா. ஒத்தை ஆளா ஒரு அப்பனைக் கட்டி எழுப்பி வச்சிருக்கா, கை காலோட. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மொத்தமும் சரிஞ்சிரும், நாளையிலேருந்து இந்தப் பள்ளிக்கூடத்துல அவ பேரு என்னவா இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்கு ஊர்ல என்ன பட்டப்பேரோ, அதோட 'மக'ன்னு ஒட்ட வச்சுக் கூப்பிடுவாங்க. அடிவயித்துலேருந்து கோபம் வந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அடியே, நான் என்னடி குறை வச்சேன் உனக்கு? நான் சாஞ்சு சாஞ்சு நடந்து கொண்டாந்து போட்டது செரிக்கலையா உனக்குன்னு கேக்கணும்போல, ஓங்கி ஒண்ணு விடணும்போல வந்துச்சு. அவ முழிச்சுக்கிட்டு நிக்கிறா. எச்சி முழுங்குறா, தொண்டை ஏறி இறங்குது. சின்னப்பிள்ளைத் தொண்டை. மைக்கு என் குரலுக்கும் எட்டுற தூரத்துலதான் இருக்கு, நான் பேசுனா எல்லாருக்கும் கேக்கும். பேசுனேன். "சொல்லு பாப்பா, பயப்படாத. உன் பேரு என்ன, சுபிக்ஷாவா? நல்ல பேரு. தைரியமாச் சொல்லும்மா." வீட்டுல நான் அவளைப் பாப்பான்னு கூப்பிட்டதே இல்ல. அவளுக்கு அது புரிஞ்சுச்சு. மைக்குப் பக்கம் திரும்பி, ஒரே மூச்சுல, ஒரு எழுத்துப் பிசகாம, "எங்கள் அப்பா துபாயில் உழைக்கிறார். அவருக்கு நல்ல கைகளையும் நல்ல கால்களையும் தந்த இறைவனுக்கு நன்றி." கைதட்டல் காதைப் பிளக்குது. இன்னிக்குப் பூரா அதுக்குத்தான் பெரிய கைதட்டல். மில்லுக்காரருகூட போனை வச்சிட்டுத் தட்டுறாரு. பூவை வைக்கக் குனிஞ்சா. தேங்காய் எண்ணெய் வாசம், எங்க வீட்டு எண்ணெய். உதடு அசையாம, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "தேங்க்ஸ்ப்பா"ன்னா.

தேங்க்ஸாம். எல்லாரும் கடவுளுக்குச் சொன்ன இடத்துல, ஒருத்தி எனக்குச் சொல்லிட்டுப் போறா. அதை நான் எங்க கொண்டுபோயி வைக்க? இத்தனை நேரம் ஒருத்தனும் எனக்குச் சொல்லலையேன்னு கறுவுனேன்ல, வந்துருச்சு, வாங்கிக்க. வாங்கவும் முடியல, தூக்கி எறியவும் முடியல. சந்தோசம் மாதிரிகூட ஒண்ணு வருது, அதைப் பிடிச்சுக் கழுத்தை நெறிக்கணும்போல இருக்கு. "இப்ப நம்ம சகோதரர் சீனி அவர்கள்"னு அருணகிரி சார் மைக்கைக் கொண்டாந்து என் கையில குடுத்தாரு. பேசுனேன். லாரி, டயர், ஜாக்கி, பத்தொம்பது வயசு, ஆஸ்பத்திரி, எல்லாம் அவரு எழுதுனபடி, ஒரு சொல்லு மாறாம. குரல் எங்கயும் தட்டல. அந்த வரி வந்துச்சு. முன்னெல்லாம் அந்த இடத்துல பூங்கொடி மூஞ்சி வரும், குத்தும், முழுங்கிட்டுச் சொல்லுவேன். இன்னிக்கு நல்லாச் சத்தமாச் சொன்னேன், பின்வரிசைக்கும், தமிழ் டீச்சருக்கும், அவ கூட்டாளிகளுக்கும், ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் மிஞ்சாதபடி சொன்னேன். "எனக்குன்னு இந்த உலகத்துல யாருமில்ல. பொண்டாட்டி இல்ல. பிள்ளை இல்ல." பொண்டாட்டியும் பிள்ளையும் இல்லைங்கிறது எழுதுனதுல கிடையாது, நானாச் சேத்தது. அருணகிரி சாரே ஆடிப்போயி என்னைப் பாத்தாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. முன்வரிசையில தேம்பல் ஆரம்பிச்சுச்சு. டீச்சருக முந்தானையை எடுத்தாங்க. நான் மூணாவது வரிசையைப் பாத்தேன். சுபிக்குப் பக்கத்துல உக்காந்திருந்த குட்டைச் சடைப் பிள்ளை தாங்கமுடியாம ஓன்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு, எனக்காக. சுபி அதோட தோள்ல கையைப் போட்டு, தன் கர்ச்சீப்பைக் குடுத்து, அழாதடி அழாதடின்னு முதுகைத் தடவிக்கிட்டு இருந்தா.